பல்செட் கழன்று விழுமா என்று பார்க்க டொராண்டோ போன கதை

எழுபதுகளின் நடுவில் கனடாவின் ஹாமில்டனில் ஒரு லேபில் செயற்கைப் பற்கள் செய்துகொண்டிருந்தேன். மதுரையில் கற்ற தொழில். ஓர் அக்டோபர் சனிக்கிழமை டொராண்டோ போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. நான் செய்த பல்செட் ஒன்று மேடையில் கழன்று விழுமா என்று பார்க்கத்தான் போனேன்.

பல்செட்டின் சொந்தக்காரர் வெண்டல், அமெரிக்கர். ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற கறுப்பின இசைக்கு அந்தப் பெயர் வரும் முன்பே எட்டுப் பேர் கொண்ட பேண்டை நடத்தியவர். பாடுவார், சாக்ஸபோன் ஊதுவார், பேண்டின் பஸ்ஸையும் தானே ஓட்டுவார். அவருடைய மெட்டுகளை வேறு ஆட்கள் பாடிப் பெயர் வாங்கினார்கள். ஹாமில்டன் பெண்ணை மணந்து இங்கே வந்த பிறகு மேல்வரிசைப் பல் முழுக்கப் போயிற்று. நான்கு வருடம் சாக்ஸபோன் பெட்டியிலேயே கிடந்தது. "இந்தத் தடவை ஊத முடியாவிட்டால் விற்றுவிடுவேன்" என்று அளவெடுத்தபோது சொன்னார். ஊதும்போது முன்பல் அழுந்தினால் பல்செட்டின் பின்பக்கம் அண்ணத்தை விட்டு இறங்கும். மூன்று முறை மாற்றிச் செய்தேன். அப்படியும் எனக்கு நம்பிக்கை இல்லை.

காலை 10.15 பஸ். 70 கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம், 2 டாலர் 40 சென்ட். டொராண்டோ நிலையத்தில் நண்பர் குலம் அண்ணை காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அங்கே பார்க்டேல் பகுதியில் குடியிருப்பவர், எதற்கும் சிரிப்பவர்.

"ஸ்ட்ரீட்காருக்குச் சில்லறை வச்சிருக்கிறீரோ? டிரைவர் மாத்தித் தரமாட்டான்" என்றார். அந்த டிராம் வண்டிக்கு 40 சென்ட். நல்லவேளை, இருந்தது.

குயீன் வீதி மதுக்கூடத்தில் 2.30-க்கு வெண்டலின் மதியக் கச்சேரி. முதல் வரிசையில் இடம் பிடித்தேன். முதல் பாட்டில் வெண்டல் பாடினார், ஊதவில்லை. இரண்டாவதிலும் சாக்ஸபோன் கழுத்தில் சும்மா தொங்கியது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழும்பும், பின்னுக்குப் போவம்" என்று குலம் அண்ணை கையைப் பிடித்து இழுத்தார். "உம்மடை முகத்தைப் பாத்தா எனக்கே பல்லு ஆடுது."

கதவோரம் போய் உட்கார்ந்தோம். மூன்றாம் பாட்டில் சாக்ஸபோன் வாய்க்குப் போனது. முதல் சுரம் பிசிறியது. அடுத்தது நின்றது. அதற்கடுத்தது ஏறிய ஏற்றத்தில், குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். பல்செட் அசையவில்லை. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன், கண்ணும் கலங்கிவிட்டது.

இடைவேளையில் வெண்டல் எங்கள் மேசைக்கு வந்து என்னோடு சண்டைக்கு நின்றார். "எழவு வீட்டு முகத்தோடு முன்னால் உட்கார்ந்திருந்தாயே! செய்தவனே பயப்படுகிறான், கட்டாயம் விழும் என்று நினைத்துவிட்டேன்."

"நான் சொன்னனான் எல்லோ" என்றார் குலம் அண்ணை.

இப்போது போகிறவர்களுக்கு: அந்த மதுக்கூடம் இல்லை, குயீன் வீதி ஸ்ட்ரீட்கார் இருக்கிறது. எந்த மதியக் கச்சேரிக்கும் அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். மேடையில் இருப்பவர் உங்களுக்கு வேண்டியவர் என்றால் மட்டும் பின்வரிசையில் உட்காருங்கள். உங்கள் முகம் அவருக்கு நன்றாகவே தெரியும்.

அன்று கச்சேரி முடிந்ததும் வெண்டல் ஒரு ஸ்டேக், தடித்த மாட்டிறைச்சித் துண்டு, கொண்டுவரச் சொன்னார். இந்தக் கச்சேரிக்கு முன் பல்செட் உடைந்துவிடக் கூடாது என்று மூன்று வாரமாக சூப் மட்டும்தான் குடித்தாராம். தட்டு வந்ததும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மெல்லலாமா?"

"தாராளமாக" என்றேன்.

இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.