உர்பேன் வீட்டு வழியில் ஒரு பெருக்கல் குறி

உர்பேன் கஸோத்தைப் பற்றிச் சொல்வதானால் ஆட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். பதினான்கு வயதில் மேட்டுப் பண்ணைக்கு ஆடு மேய்க்கப் போனான். பாலாடைக்கட்டிக்குப் பால் கொடுக்கிற ஆடுகள், இருநூற்று எண்பது உருப்படி. முப்பத்தொன்பது வருஷம் காலையும் மாலையும் பால் கறந்தான், குளம்பு சீவினான், ஈனும் ஆடுகளுக்குக் குட்டி இழுத்தெடுத்தான். ஒரு கிடா முட்டித் தள்ளி இடுப்பெலும்பு முறிந்ததும் பண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பட்டாளத்தில் இருந்த ஒரு வருஷம் போக, அவன் துலூஸ் நகரத்தைத் தாண்டியதில்லை. இளவயதில் ஒருத்தியைப் பெண் கேட்டான். ஆட்டு வாடையோடு குடித்தனம் நடத்த முடியாது என்றாளாம். அதை அவனே சொல்லிச் சிரிப்பான்.

எங்கள் காஸ்தெல்மூருக்கு ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை நடைக்காரர்கள் வருவார்கள், நடந்தே ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்கிறவர்கள். முதுகில் மூட்டை, கையில் கோல். கோட்டை வாசலில் நுழைந்து, கோயிலைப் பார்த்து, துணி துவைக்கும் பழைய தொட்டியைத் தாண்டி, ஒரு சந்து வழியாக ஆற்றுப் பள்ளத்துக்கு இறங்குவார்கள். அந்தச் சந்தில் கடைசி வீடு உர்பேனுடையது. ஊரிலேயே பழைய வீடும் அதுதான். நிலைவாசலுக்கு மேலே உள்ள கல்லில் 1594 என்று வெட்டி, பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல் செதுக்கியிருக்கும். கூரைக் கற்கள் சரிந்த இடத்தில் நீலத் தார்ப்பாய். முற்றத்தில் சாணக் குவியல், சக்கரம் இல்லாத வேன், ஆளைக் கொத்துகிற மூன்று பெரிய வாத்துகள்.

பண்ணையை விட்ட பிறகு அவனுக்கு நடைக்காரர்கள்தான் எல்லாம். வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டான், காலைப் பார்ப்பான்.

"உக்காருங்கம்மா. ஷூவக் கழட்டுங்க. ஐயோ, இந்தக் கொப்புளத்தோடயா மலை ஏறி வந்தீங்க? என் ஆடுங்க இதவிட அறிவா நடக்கும்."

ஊசியில் நூல் கோத்து, பிளம் பழச் சாராயத்தில் நனைத்து, கொப்புளத்தில் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுப்பான். நீர் நூலைப் பிடித்துக்கொண்டு வடியும்.

"வலிக்குமா?" என்று கேட்பார்கள்.

"ஆடுன்னா உதைக்கும். பாரிஸ்காரங்கன்னா அழுவாங்க. எனக்கு ரெண்டும் பழக்கம்தான்."

வைத்தியம் முடிந்ததும் வாசல் கல்லின் கதை. பெல்ஜியத்துக்காரர்கள் வந்தால் அந்தக் கத்தரிக்கோலைச் செதுக்கியவன் ஒரு பெல்ஜியத் தையற்காரன். லியோன்காரர்கள் வந்தால் லியோனிலிருந்து ஓடிவந்த நாவிதன். ஒரு நாள் வேலியோரம் புல் வெட்டிக்கொண்டிருந்த நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"யோவ், வாய் கூசாம எப்படிய்யா இப்படிப் புளுகுற?"

"அவங்க ஊர்க்காரன் ஒருத்தன் முன்னாடியே இங்க வந்து வாழ்ந்திருக்கான்னா அவங்களுக்குச் சந்தோசம்தானேடா? உனக்கு என்ன தெரியும், நீ புல்ல வெட்டு."

நான் ஊர் மன்றத்தின் வேலையாள். பள்ளம் அடைப்பது, கல்லறைத் தோட்டம் கூட்டுவது, பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது, நடைவழிக்கு மஞ்சள் குறி போடுவது எல்லாம் என் வேலை. நேர்க்கோடு என்றால் வழி சரி. கோடு வளைந்தால் திரும்பு. பெருக்கல் குறி என்றால் அந்தப் பக்கம் கால் வைக்காதே. நடைக்காரன் மேயர் சொன்னால் கேட்கமாட்டான், மஞ்சள் பெயின்ட் சொன்னால் கேட்பான். ஊர்க்காரர்கள் அந்தக் குறிகளைக் கண்டுகொள்வதே இல்லை.

போன வருஷம் எங்கள் ஊர் 'அழகிய கிராமம்' என்ற பட்டத்துக்கு மனு போட்டது. இந்த வருஷம் மே மாதம் பார்வையிட இரண்டு பேர் வருவதாகக் கடிதம் வந்தது. மேயர் மதாம் ப்ருயேர் என்னைக் கூப்பிட்டார்.

"ரெஜிஸ், உர்பேன் முற்றத்த என்ன பண்றது? அவர்கிட்ட போய்ச் சொல்லவும் மனசு வரல."

"ரெண்டு நாளைக்கு வழிய மேல் ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டுடறேன் மதாம். யாருக்கும் தெரியாது."

அந்த யோசனை என்னுடையது. மேயர் தலையில் அதைக் கட்டமாட்டேன்.

இரண்டு நாளைக்கு என்றால் சுண்ணக்கட்டியால் கிறுக்கினாலே போதும். நான் சந்து முனைக் கல்லைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, அச்சு வைத்து, இரண்டு தடவை பெயின்ட் அடித்தேன். பெருக்கல் குறி முகத்தில் அறைகிற மாதிரி விழுந்தது. ஏன் இவ்வளவு அழுத்தம் என்று யாராவது கேட்டிருந்தால், எடுத்த வேலை சுத்தமாக இருக்க வேண்டாமா என்றிருப்பேன். பொய். நானும் அதே சந்தில் பிறந்தவன். வெளியூர்க்காரர்கள் அந்த வேனையும் சாணத்தையும் படம் எடுக்கும்போதெல்லாம் என் சட்டைக் கிழிசலைப் படம் எடுப்பதுபோல எனக்குக் கூசும்.

வந்த இரண்டு பேரும் கோயிலைப் பார்த்தார்கள், ஆட்டுக்கறி தின்றார்கள், போய்விட்டார்கள். குறியை நான் அழிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தினமும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் வண்டியில் போவேன்.

ஜூன் முடிவில் உர்பேன் என்னை நிறுத்தினான்.

"டேய் ரெஜிஸ், என்னடா இது, ஒரு நடைக்காரனையும் காணோம்? வேற எங்கயாவது புதுசா வழி போட்டுட்டாங்களா?"

"வெயில்யா. இந்த வெயில்ல எவன் நடப்பான்?"

அவன் தலையாட்டினான். மேல் ரோட்டில் அன்று மட்டும் முப்பது பேர் போனதை நான் எண்ணியிருந்தேன்.

ஜூலை நடுவில் போனபோது சாணக் குவியல் இல்லை. அந்த இடுப்போடு, தள்ளுவண்டியில் நாலு நாள் வாரியிருக்கிறான். சுவர் கழுவப்பட்டிருந்தது. ஊர்க் கல்யாணங்களுக்குப் போடுகிற கோட்டைப் போட்டு, சவரம் செய்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஊசி, நூல், சாராயப் புட்டி. மதியம் இரண்டு மணி. அவனைத் தவிர ஈ காக்கைகூட இல்லை.

"உள்ள வாடா" என்றான். போனேன். சமையலறைக் கதவைச் சாத்தினான். "நல்லா மோந்து பாரு."

"என்னத்த?"

"வீட்ட. என்னையும்தான். நாப்பது வருசம் ஆட்டோட கிடந்தவன், எனக்குத் தெரியாது. உனக்கு மூக்கு நல்லா இருக்கே. நாறுதா?"

கோட்டைக் கழற்றி என் மூக்கருகே நீட்டினான். நான் மோந்து பார்த்தேன். மோந்து பார்க்கிற மாதிரி நடித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, நிஜமாகவே மோந்தேன். சோப்பு வாசனை, கொஞ்சம் பூண்டு.

"ஒண்ணும் இல்லய்யா."

"மூஞ்சிக்காகச் சொல்லாத. நேத்து அந்த வாத்துங்களையும் அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். அதுங்கதான் ஜனங்கள விரட்டுதோ என்னமோ. அவ இந்நேரம் வெட்டிக் கொழுப்புல போட்டு ஜாடியில அடைச்சிருப்பா."

அந்த வாத்துகளுக்கு அவன் பேர் வைத்திருந்தான். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வேலை இருக்கிறது என்று வெளியே வந்துவிட்டேன்.

அன்று மாலையே சாம்பல் நிறப் பெயின்ட்டால் குறியை மூடி, மேலே நேர்க்கோடு போட்டேன். மறுநாளே சந்தில் ஆள் இறங்க ஆரம்பித்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் மன்றத்துக்குப் பதில் வந்தது. பட்டம் கிடையாது. சதுக்கத்தில் மின்கம்பிகளும் கார்களும் அதிகமாம். உர்பேன் வீட்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

நான் அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். உர்பேன் விடவில்லை. செவ்வாயும் வெள்ளியும் ரொட்டி வேன் சதுக்கத்துக்கு வந்து ஹாரன் அடிக்கும், பாதி ஊர் அங்கே நிற்கும். அவன் வரிசையில் நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னான்.

"கண்டுபிடிச்சுட்டேன்! நான்தான் நாறியிருக்கேன். சாணத்த வாரினேன், வாத்த அனுப்பிட்டேன், தினம் குளிக்கிறேன். இப்ப நேத்து மட்டும் பதினோரு பேரு!"

ரொட்டிக்காரி வேனுக்குள்ளிருந்தே எட்டிப் பார்த்தாள். "அறுபது வயசுல சோப்பக் கண்டுபிடிச்சீங்களா, முசியே உர்பேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். "கல்யாண வயசுல கண்டுபிடிச்சிருந்தா இந்நேரம் பேரன் எடுத்திருப்பேன்!"

என் வாயிலிருந்து வார்த்தை தானாக வந்தது.

"நீ நாறலய்யா. சந்து முனையில பெருக்கல் குறி போட்டது நான்தான். பட்டம் குடுக்க வந்தவங்க உன் வீட்டப் பாக்கக் கூடாதுன்னு. அப்புறம் அழிக்கல. ரெண்டு மாசம்."

மேயர் சொல்லித்தான் செய்தானா என்று யாரோ முணுமுணுத்தார்கள். "இல்ல, நான்" என்றேன். உர்பேன் முகத்தில் சிரிப்பு இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, எடுக்க மறந்த மாதிரி. அவன் முறை வந்தது. ரொட்டியை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கொஞ்சம் வழி விடுங்க, முசியே" என்றான்.

ஐம்பது வருஷமாக என்னை டேய் என்று கூப்பிட்டவன்.

இப்போது அக்டோபர். நடைக்காரர்கள் இன்னும் வருகிறார்கள். வாத்துகள் இல்லாத முற்றத்தில் அவன் அவர்கள் காலைப் பார்க்கிறான், புளுகுகிறான், அவர்கள் சிரிக்கும் சத்தம் தொட்டி வரை கேட்கிறது. நான் புல் வெட்டும் இயந்திரத்தோடு அந்தப் பக்கம் போனால் சத்தம் அடங்கும்.

போன வாரம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு வேலியோரம் நின்றேன்.

"யோவ் உர்பேன், குளிர் வருது. விறகு பிளந்து அடுக்கித் தரட்டுமா? உன் இடுப்புக்கு ஆகாது."

அவன் எழுந்து நின்றான். மரியாதைக்கு எழுந்து நிற்கிற மாதிரி நின்றான்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றான்.