விளக்கை விட்டு விலகிய கோடு

நல்ல கண் வேண்டுமாம். போன வாரம் என் அக்கா மகள் நித்யா போனில் கேட்டாள். தேனியில் கண் பரிசோதனைப் படிப்பு படிக்கிறாள்.

"சித்தி, இங்க எல்லாரும் கோளாறு வந்த பெறகுதான் வர்றாக. என் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு குறையும் இல்லாத கண்ணு வேணும். நீங்களும் சித்தப்பாவும் வாங்களேன்."

நம்மிடம் இருக்கும் நல்லதை ஒருவர் தேடி வந்து கேட்டால் பெருமையாக இருக்காதா? போடியிலிருந்து உடனே கிளம்பத் தயாரானேன். என் வீட்டுக்காரர்தான் இழுத்தடித்தார். அவர் ஜீப் ஓட்டுகிறார். விடியுமுன் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதையில் ஏறுவார், சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவார்.

"கண்ணு நல்லாத்தான இருக்கு. அதப் போயி எதுக்கு அளக்கணும்?" என்றார்.

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒருவழியாக இருவரும் தேனிக்குப் போனதும் நித்யா விளக்கினாள். இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்க்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் ஒரு கண் எவ்வளவு தள்ளிப் போகிறது? அதைத்தான் அளக்கிறார்களாம்.

அரை இருட்டு அறை. எதிரே ஒரு சின்ன விளக்கு. என் வலது கண்ணுக்கு முன்னால் வரிவரியான சிவப்புக் கண்ணாடி ஒன்றை வைத்தாள். அவ்வளவுதான்... விளக்குக்குப் பக்கத்தில், வெறும் காற்றில், செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு வந்து நின்றது. கோட்டைப் பார்ப்பது ஒரு கண். விளக்கைப் பார்ப்பது இன்னொரு கண். ஒன்று பார்ப்பது மற்றதற்குத் தெரியாது.

கோடு மெல்ல விலகியது. மலையை விட்டு மேகம் நகருமே, அப்படி, அவசரமே இல்லாமல். அங்கேயே உட்கார்ந்திருக்கலாம் போல இருந்தது. இத்தனை காலமும் என் கண்கள் இரண்டும் ஒரே உலகத்தைப் பார்ப்பதாக அல்லவா நம்பிக்கொண்டிருந்தேன்? தனியாக விட்டால் ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுகின்றன.

கோடு விளக்கின் மேல் வரும்வரை நித்யா பிரிசம் என்ற பட்டைக் கண்ணாடிகளைக் கண்ணுக்கு முன்னால் மாற்றி மாற்றி வைத்தாள். வந்ததும் சொன்னேன். குறித்துக்கொண்டாள்.

அடுத்து அவர்.

"சித்தப்பா, கோடு எங்கன இருக்கு?"

"வெளக்கு மேலயே இருக்கு ஆத்தா."

ஒரு பிரிசத்தை வைத்தாள். "இப்ப?"

"வந்துருச்சு."

இன்னொன்றை வைத்தாள். "வந்துருச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அவருடைய தொழில் பழக்கம். எங்கள் மலையில் ஜீப் ஓட்டுகிற எவரும் இன்னும் தூரம் இருக்கிறது என்று சொல்லமாட்டார்கள். தலை சுற்றுகிறது, எப்போது வரும் என்று பின்னாலிருந்து யாராவது கேட்டால், எத்தனை கொண்டை ஊசி வளைவு பாக்கி இருந்தாலும் ஒரே பதில்தான் — வந்துருச்சு.

நித்யா சிரிக்கவில்லை.

"சித்தப்பா, இப்ப வச்சது பெரிய பிரிசம். கோடு சுவத்தோரத்துக்கே ஓடிருக்கணும். இப்பவும் வெளக்கு மேலயா நிக்குது?"

அவர் சிவப்புக் கண்ணாடியை விலக்கிவிட்டு நித்யாவைப் பார்த்தார்.

"மொதல்லருந்தே தள்ளித்தான் நின்னுச்சு" என்றார். "சொன்னா வண்டிய ஓட்டாதன்னு சொல்லிருவீகளோன்னு..." கொஞ்சம் நிறுத்தினார். "போன வாரம் மெட்டு எறக்கத்துல, எதுத்தாப்புல வந்த பைக் லைட்டு ரெண்டாத் தெரிஞ்சுச்சு. ஒரு நொடிதான். ஜீப்பு நெறைய பொம்பளையாளுக."

ஒரு வாரமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷன். என்னிடம் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது.

நித்யா ஓடிப்போய் அங்கிருந்த கண் டாக்டரம்மாவை அழைத்துவந்தாள். அவர் நிதானமாக எல்லாவற்றையும் பார்த்தார். கறுப்பு அட்டையால் என் வீட்டுக்காரரின் ஒரு கண்ணை மறைத்தார், எடுத்தார், அடுத்ததை மறைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அட்டையை எடுத்ததும் ஒதுங்கியிருந்த கண் சட்டென்று திரும்பி வந்து, தன் ஜோடியோடு சேர்ந்துகொண்டது.

"கண்ணு நல்லாருக்கு" என்றார் டாக்டரம்மா. "இந்த அளவுக்கு விலகுறது பெரும்பாலும் எல்லாருக்கும் உண்டு. மூளைதான் ரெண்டையும் பிடிச்சுச் சேர்த்து வச்சிருக்கு. தூக்கம் கெட்டா அந்தப் பிடி தளரும். சரி, நீங்க எத்தன மணி நேரம் தூங்குறீங்க?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்வேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. அவரே சொல்லட்டும் என்று விட்டேன். "நாலு மணி நேரந்தான்" என்றார்.

வேறு டிரைவரே இல்லாத ஊர் மாதிரி எல்லோருடைய சவாரிக்கும் இவரே போவார். விடியுமுன் கிளம்பி, இறங்கி வந்து, நடுவில் மூட்டை ஏற்றி, மறுபடி சாயங்காலம் மேலே. நன்றாகத் தூங்கும்வரை வண்டியைத் தொடக்கூடாது, மறுபடி இரண்டாகத் தெரிந்தால் அன்றைக்கே வரவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். என் வீட்டுக்காரரும் சாயங்காலச் சவாரியை இன்னொரு டிரைவருக்கு விட்டுவிடுவதாக அங்கேயே ஒப்புக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஜன்னல் வழியே மலை வந்துகொண்டே இருந்தது. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிப் பார்த்தேன், அப்புறம் மற்றதை. மலை கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி. இரண்டையும் திறந்தால் ஒரே மலை.

இதை எழுதும் இந்த மத்தியானத்திலும் அவர் தூங்குகிறார். சற்றுமுன் அவருடைய போன் அடித்தது. எஸ்டேட் சூப்பர்வைசர். "அக்கா, ஒரே ஒரு ட்ரிப்பு. அண்ணே வண்டி எங்கன வருது?"

"வீட்டுக்கு வந்துருச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.