வெளியூர் பெயிண்டர்

எம். புதுப்பட்டியில் மாரிக்கண்ணன் வீட்டுக் கூடத்தில் இரண்டு மாரிக்கண்ணன்கள் இருந்தார்கள். ஒருவன் பட்டாசுக் கம்பெனிக்குப் போய் வருவான். இன்னொருவன் எங்கேயும் போகமாட்டான், சுவரிலேயே இருப்பான்.

சுவரில் இருந்தவன் சாம்பலும் வெள்ளியுமாக மினுங்குவான். ஒரு தலை, இரண்டு தோள், கீழே அகலமாய் ஒரு முதுகு. மாரிக்கண்ணனுக்குப் பேன்சி வெடிக்கு மருந்து அடைக்கிற வேலை. மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடியை அங்கே எல்லாரும் சில்வர் என்பார்கள். கம்பெனியிலேயே சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் கிளம்புவான். சில்வர் சோப்புக்கெல்லாம் மசிகிற ஆளில்லை. காதுமடலுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், தலைமுடிக்குள் ஒளிந்துகொண்டு கூடவே வேனில் ஏறி வீடு வந்து சேர்ந்துவிடும். வந்ததும் தரையில் காலை நீட்டி, டிவிக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து, "அப்பாடா" என்பான். கல்யாணமான நாளிலிருந்து சொன்ன அத்தனை அப்பாடாவும் சேர்ந்ததுதான் அந்த இரண்டாவது ஆள்.

அவன் பெண்டாட்டி இசைவாணி சிவகாசியில் காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்த்தாள். தாள்களை அடுக்கித் தலைமாட்டில் தகரப் பட்டை அடிப்பாள். எந்தெந்த ஊர்ச் சுவருக்கோ முருகனையும் லட்சுமியையும் சுவிட்சர்லாந்து மலையையும் அனுப்பிவைக்கிறவளுக்குச் சொந்தச் சுவர் வெகுநாள் உறைக்கவில்லை. பிரஸ் முதலாளி லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போனதுதான் வினை. அங்கே கூடத்தில் ஒரு சுவரைப் பார்த்தாள். தயிர் நிறம். நடுவில் ஒரே ஒரு படம். படத்துக்கென்று தனியாக ஒரு விளக்கு. வந்திருந்த கூட்டத்தில் ஒருத்தர்கூட அதில் சாயவில்லை. சாயலாம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. வீட்டுக்குத் திரும்பி விளக்கைப் போட்டவளுக்குத் தன் சுவரைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போயிற்று.

முதல் வைத்தியம் கைவசம் இருந்த சரக்கைக் கொண்டே நடந்தது. பெரிய சைஸ் முருகன் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து கறைக்கு மேலேயே மாட்டினாள். உட்கார்ந்தவன் சாய்ந்த கறையல்லவா. முருகன் இடுப்பு உயரத்துக்கு இறங்கி வரவேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய் தயிருக்கு உறை கேட்டு வந்தவள் பதறிப்போனாள்.

"ஏ இசை, சாமியக் கொண்டுபோயி முழங்காலுக்கு நேரா மாட்டிருக்க? வாரவுக குனிஞ்சு கும்புடுறதா, உருண்டு கும்புடுறதா?"

சாமி படத்தில் யாராவது சாய்வார்களா? மாரிக்கண்ணன் முருகனுக்கு இடம் விட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டான். மழைக்காலம் முடிவதற்குள் அங்கே மூன்றாவது மாரிக்கண்ணன் லேசாகத் தலைகாட்டத் தொடங்கினான். முருகனைக் கழற்றி உயரத்தில் மாட்டிவிட்டாள்.

அப்புறம்தான் ஃபேஸ்புக்கில் 'அழகு இல்லம் அன்பு உள்ளம்' குழுவில் சேர்ந்தாள். விருதுநகர் ஸ்ரீமதி என்பவர் நடத்துகிற குழு. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற தமிழ்ப் பெண்கள் தங்கள் கூடத்தைப் படமெடுத்துப் போட்டு யோசனை கேட்பார்கள். கேலி கூடாது, விளம்பரம் கூடாது, காலை வணக்கம் கூடாது என்று மூன்று விதிகள். மூன்றாவதை மட்டும் யாராலும் கடைப்பிடிக்க முடியவில்லை.

இசைவாணி சுவரைப் படமெடுத்தாள். தோள் தெரியாமல், முதுகு தெரியாமல், மினுங்குகிற நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தாள். 'சகோதரிகளே, இந்தச் சுவரை எப்படி அழகாக்கலாம்? கணவர் கம்பெனியில் இருக்கிறார். பட்ஜெட் கம்மி' என்று எழுதிப் போட்டாள். கறை எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது என்று முருகனை வேண்டிக்கொண்டாள். அவர் இப்போது சரியான உயரத்தில்தான் இருந்தார்.

யோசனைகள் வந்து குவிந்தன. ஒருத்தி புத்தர் தலை வைக்கச் சொன்னாள். ஒருத்தி செங்கல் மாதிரி ஒட்டுகிற ஸ்டிக்கர் வாங்கச் சொன்னாள். துபாயில் இருந்த ஒருத்தி, சுவரையே இடித்துவிட்டால் கூடம் விசாலமாகும் என்றாள். இடித்தால் விசாலமாகும்தான், அந்தப் பக்கம் சுப்புத்தாய் சோறு வடித்துக்கொண்டிருப்பாள்.

பிறகு கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி கேட்டாள்: 'சிஸ்டர், எதுக்கு மாத்தறீங்க? இந்த சில்வர் டெக்ஸ்ச்சர் சூப்பரா இருக்கே! எந்தக் கம்பெனி பெயிண்ட்?'

இசைவாணி அதை மூன்று தரம் படித்தாள். சுவரைத் திரும்பிப் பார்த்தாள். மாரிக்கண்ணன் அதில்தான் சாய்ந்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

'ஸ்பெஷல் பினிஷ் சிஸ்டர்' என்று அடித்தாள்.

அவ்வளவுதான். லைக்குகள் ஏறின. கைவேலை மாதிரி இருக்கிறது என்றார்கள். ஸ்ரீமதியே வந்து மூன்று இதயம் போட்டு, பெயிண்டர் யார், நம்பர் கிடைக்குமா என்று கேட்டார். இசைவாணி தூங்குகிறவனை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் அடித்தாள்: 'வெளியூர் பெயிண்டர் மேடம். இப்ப தொடர்புல இல்ல.'

மறுநாள் காலை பிரஸ்ஸில் தகரம் அடிக்கும்போது அவளுக்குப் பாட்டு வந்தது.

அன்று மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தாள். ஆனைக்குட்டத்துக் கருப்பம்மாள் என்று ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். அவள் வீட்டுச் சுவர். அதே மினுக்கம், ஆனால் ஒரு தோள் மட்டும். கீழே எழுதியிருந்தாள்: 'எங்க வீட்லயும் இதே பெயிண்டர்தான் மதினி. எங்க ஆளு ஒருக்களிச்சுச் சாய்வாக, அதான் ஒத்தத் தோளு.'

அதற்குக் கீழே திருத்தங்கல்லிலிருந்து ஒரு கதவு நிலை. வெம்பக்கோட்டையிலிருந்து ஒரு தலையணை உறை. 'எங்க வீட்ல காசே வாங்காம ஃப்ரிட்ஜுக்கும் அடிச்சுக் குடுத்துட்டாரு' என்று ஒருத்தி. எல்லாவற்றின் கீழும் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை முகங்கள். கோயம்புத்தூர்ப் பெண் மட்டும் ஒன்றும் புரியாமல், 'உங்க ஏரியா முழுக்க ஒரே பெயிண்டரா?' என்று கேட்டிருந்தாள்.

யாரும் இசைவாணியை வையவில்லை. கேலி கூடாது என்ற விதிக்குக்கூட அதில் ஊறு இல்லை. எல்லாரும் அவரவர் வீட்டு ஆளைச் சொல்லிச் சிரித்திருந்தார்கள். அவள் ஒருத்திதான் வீட்டு ஆளை வெளியூருக்கு அனுப்பியிருந்தாள். இசைவாணிக்குக் காது ரெண்டும் கொதித்தது. சோற்றை மூடிவைத்துவிட்டுப் பதிவை அழித்தாள்.

அழித்து என்ன? சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது சுப்புத்தாய் கூடத்தின் நடுவே மாரிக்கண்ணனிடம் போனை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்தக் குழுவில் இருக்கிற அவள் தங்கச்சி மகள் பிரீத்திகா மதுரையிலிருந்து எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள்.

"ஏ தம்பி, ஒம் பொண்டாட்டி எழுதுனதக் கேளு! வெளியூர் பெயிண்டராம்லே! எந்த ஊருலே நீ?"

மாரிக்கண்ணன் போனை வாங்கிப் பார்த்தான். முதலில் அவனுக்கும் சிரிப்புத்தான் வந்தது.

"எம்புட்டுப் பேரு பாத்திருக்காக! ஏ புள்ள, எம் முதுகுக்கு இம்புட்டு மவுசா?"

விரலால் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டே போனான். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இப்பத் தொடர்புல இல்லையாக்கும்" என்றான்.

போனைச் சுப்புத்தாயிடம் கொடுத்துவிட்டு, கை கழுவப் போனான். கம்பெனியிலேயே கழுவி வந்த கையை ரொம்ப நேரம் கழுவினான்.

"சும்மா வெளாட்டுக்கு எழுதுனதுங்க" என்று இசைவாணி பின்னாலேயே போனாள்.

"நானும் வெளாட்டுக்குத்தான எடுத்துக்கிட்டேன்" என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை அவனே பெயிண்டும் உருளையும் வாங்கி வந்தான். தயிர் நிறம். அவள் கேட்காமலேயே அந்த நிறம் அவனுக்கு எப்படித் தெரிந்ததென்று அவளுக்கு விளங்கவில்லை. பால்காய்ப்பிலிருந்து வந்த நாளாய் அதையே பேசிக்கொண்டிருந்தது அவளுக்கு மறந்துபோயிருந்தது. முதல் பூச்சில் சில்வர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. மறுபடி பூசினான். ஆளைப் பிடித்து வெளியே தள்ளுகிற மாதிரி, விடாமல் பூசினான். கடைசியில் சுவரில் இருந்தவன் போய்விட்டான். அண்ணாச்சி வீட்டுச் சுவர் போலவே ஆகிவிட்டது.

அன்று டிவி பார்க்கையில் மாரிக்கண்ணன் கூடத்தின் நடுவில் உட்கார்ந்தான். காலை மடக்கி, முதுகு ஒன்றிலும் படாமல்.

"சாஞ்சுக்கிருங்க."

"ஈரமா இருக்கு."

மறுநாளும் ஈரமாக இருந்தது. அதற்கடுத்த வாரமும் ஈரமாக இருந்தது. சிவகாசி வெயிலில் எட்டு மணிக்குப் போட்ட சேலை ஒன்பது மணிக்குக் காய்ந்துவிடும். அந்தச் சுவர் மட்டும் காயவே இல்லை. அவன் முதுகை முன்னால் கூனிக்கொண்டு, இடையிடையே இடுப்பில் கைகொடுத்துக்கொண்டு டிவி பார்த்தான். அப்பாடா என்று சொல்வதில்லை. வீடு அழகாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் இசைவாணி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஒரு நாள் தலைநிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு வந்தவள், குளிக்கப் போகாமல் நேரே அந்தச் சுவரில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தாள். தலையை அழுத்தி, அங்கேயும் இங்கேயுமாக உருட்டினாள்.

"ஏ புள்ள! சுவரு!" என்று பதறினான் மாரிக்கண்ணன். "எண்ணெ புடிக்குது, எந்திரி!"

"புடிக்கட்டும்."

"இம்புட்டு நல்லாப் பூசிருக்கு..."

"காஞ்சிருச்சுங்க. பாத்துட்டேன்" என்றாள். தயிர் நிறத்தில் அவள் தலை அளவுக்கு ஒரு கறை இறங்கியிருந்தது. அவள் ஓரமாக நகர்ந்து பக்கத்தில் ஓராள் உட்காருகிற இடம் விட்டாள்.

அவன் அந்த இடத்தைப் பார்த்தான். கறையைப் பார்த்தான். பிறகு டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். விளம்பரம் ஓடியது, அதை யாரோ பரீட்சைக்குப் படிக்கச் சொன்னதுபோல் உற்றுப் பார்த்தான். ஆனால் உட்கார்ந்தபடியே, கையைத் தரையில் ஊன்றிக் கொஞ்சம் பின்னால் நகர்ந்திருந்தான். முதுகுக்கும் சுவருக்கும் இடையில் இன்னும் ஒரு சாண் இருந்தது. அந்த ஒரு சாணையே பார்த்துக்கொண்டு, எண்ணெய் காதோரம் வழிய வழிய, இசைவாணி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.