மூன்றாவது சாட்சி

பதிவுத் திருமணத்தைத் தமிழ் சினிமா காட்டும் விதத்தில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. காதலர்கள் ஆட்டோவில் வந்து இறங்குவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், அடுத்த காட்சியில் ஊட்டியில் பாடுவார்கள். முப்பது நாள் அறிவிப்பு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவனால் இதைப் பார்த்துக்கொண்டு பாப்கார்ன் தின்ன முடியாது.

ஆனாலும் போன வருடம் அப்படியொரு படத்துக்காகக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். அதில் பதிவாளராக நடித்தவர் என் தங்கையின் கணவர்.

மாப்பிள்ளை வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தேவாலயப் பங்கில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்தோறும் போடும் இயேசுவின் பாடுகளின் நாடகத்தில் நிரந்தரப் பிலாத்து, அதாவது மரணத் தீர்ப்புச் சொல்லும் ஆளுநர். கிள்ளைப் பக்கம் படம் எடுக்க வந்தவர்கள் உள்ளூர் முகம் தேடியபோது யாரோ அவரைக் கைகாட்டிவிட்டார்கள். இந்தப் படம் வெளிவருவதற்குள் அடுத்த படத்துக்கும் கூப்பிட்டுவிட்டார்கள். பொள்ளாச்சியில் ஒரு மாதம். மனிதர் ஆசையில் தூக்கம் இழந்தார். தங்கைதான் குறுக்கே நின்றாள்.

"மொதல்ல இந்தப் படத்தப் பாக்குறேன். ஊரு சிரிக்கிற மாதிரி இருந்துச்சுன்னா பொள்ளாச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"காமெடிப் படம்மா. சிரிக்கத்தான் எடுத்திருக்காங்க."

இந்த விளக்கம் அவருக்கு உதவவில்லை.

மூவருமாகப் போன பஸ்ஸில், ஆலப்பாக்கம் தாண்டியதும் மாப்பிள்ளை என் காதருகே குனிந்தார். "மச்சான், எனக்கு வசனமே கெடையாது. நாடகத்துல பேசுற மாதிரி பேசுனேன். சவுண்டு ஆளு காதுல மாட்டியிருந்ததக் கழட்டிக் கீழ வெச்சிட்டான். ஐயா, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கன்னுட்டாரு டைரக்டரு."

"போட்டீங்களா?"

"அதுலதான்..." என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படப்பிடிப்புக்கு முன்பு அவருக்குப் பாடம் நடத்தியவன் நான். "ஜோடியைப் பாக்காதீங்க, சாட்சியைப் பாருங்க. ஜோடி காதலுக்காக வந்திருக்கும். சாட்சி பிரியாணிக்காக வந்திருப்பான். மூணு சாட்சி இல்லாம பேனாவைத் தொறக்காதீங்க."

படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கதாநாயகன் சேற்றில் விழுந்தான். முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். மறுபடி விழுந்தபோது அவரும் கைபேசியை எடுத்துவிட்டார். தங்கை, இறங்கும் இடம் நெருங்கியவள்போலக் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், திரையை அல்ல.

இடைவேளைக்குப் பிறகு பதிவு அலுவலகம் வந்தது. கதாநாயகன் நின்றுகொண்டு காதலைப் பற்றி நீளமாகப் பேசினான். அவனுக்குப் பின்னால், மேசையில், பேசாத பதிவாளர். ஒரு சாட்சியின் அடையாள அட்டையை எடுத்தார். படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றச் சொல்லிச் சைகை செய்தார். கழற்றினான். அவர் முகம் இன்னும் வாடியது. மறுபடி போட்டுக்கொள்ளச் சொன்னார். அரங்கில் ஒரு சிரிப்பு எழுந்தது. அடுத்தவனை விரலால் எண்ணினார். மூன்றாவது விரலை நீட்டியவர் ஆள் இல்லாமல் விழித்தார். கதவைப் பார்த்தார். குனிந்து மேசைக்கு அடியில் தேடினார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டார்.

கதாநாயகன் பேசியது ஒன்றும் கேட்கவில்லை, அத்தனை சிரிப்பு. கடைசியில் தோளில் ஒயர்ச்சுருள் தொங்க ஒரு ஆள் உள்ளே தள்ளப்பட்டான். அவனுடைய அட்டையையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பேனா திறந்தது. தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கைப்பை கீழே கிடந்தது.

காட்சி முடிந்தது. கதாநாயகன் மறுபடி சேற்றுக்குப் போனான்.

பிறகு ஓட்டலில் இட்லியும் கொத்சுவும் முன்னால் இருக்க, மாப்பிள்ளை உண்மையைச் சொன்னார். "ரெண்டு சாட்சிதான் நிக்க வெச்சிருந்தாங்க. நீங்க சொன்னீங்களேன்னு நான் கையெழுத்தே போடல மச்சான். டைரக்டர் கத்துறாரு, நான் அசையல. கடைசில லைட்டு புடிக்கிறவன உள்ள தள்ளிவிட்டாங்க."

ஆக, படத்தின் ஒரே நகைச்சுவை அரசாங்கம் இயற்றியது.

தங்கை கொத்சுவை வழித்துக்கொண்டே கேட்டாள். "பொள்ளாச்சி எப்போ?"

"தவக்காலத்துல," என்றார் மெதுவாக.

"அப்ப பிலாத்து?"

மாப்பிள்ளை என்னைக் காட்டினார். நான் மறுக்கவில்லை. குற்றச்சாட்டு எழுத்தில் இருக்கிறதா, மேல்முறையீட்டுக்கு அவகாசம் கொடுத்தார்களா என்று மட்டும் கேட்டேன்.

"அண்ணா, நீ பிலாத்தா இருந்தா ஈஸ்டரே வராது," என்றாள் தங்கை. பிறகு அவர் பக்கம் திரும்பி, "பிலாத்துக்கு வேற ஆளு பாத்துக்கலாம். நீங்க போயிட்டு வாங்க. அந்தச் சட்டைய மட்டும் போடாதீங்க, காலரு அழுக்கு தியேட்டர் பூரா தெரிஞ்சுது" என்றாள்.

மாப்பிள்ளை இன்னும் இரண்டு இட்லி சொன்னார்.