அப்பா நின்ற விதம்

நெதர்லாந்தில் நான் வேலை பார்க்கும் அரங்கில், மேலாளரே உள்ளே வந்தாலும் யாரும் எழுந்திருப்பதில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நடிகர்களின் உடைகளைத் துவைத்து இஸ்திரி போடும் அறையில் நான் மட்டும் எழுந்துவிடுவேன். ஊரைவிட்டு வந்த உங்களில் சிலருக்கும் இந்தப் பழக்கம் இருக்கக்கூடும்.

போன மாதம், ஊர் ஊராகப் போய் ஆடும் பாலே குழு ஒன்று வந்தது. இந்திய அரசவையில் நடப்பதாக ஐரோப்பியர்கள் எப்போதோ கற்பனை செய்த பழைய பாலே ஒன்றைப் புதிதாக அமைத்திருந்தார்கள். அதன் இயக்குநர் என்னிடம் வந்து, உங்கள் ஊரில் அரசனுக்கு எப்படி மரியாதை செய்வார்கள் என்று கேட்டார். கைகூப்பிக் காட்டினேன். அது எல்லோருக்கும் தெரியுமே, வேறு ஏதாவது என்றார். யோசிக்காமல் செய்துவிட்டேன். கையிலிருந்த டவலைக் கக்கத்தில் இடுக்கி, முதுகை வளைத்து, வலது கையால் வாயைப் பொத்தினேன். “மோய்” என்றார். டச்சில் அழகு என்று அர்த்தம். இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். மரியாதை என்றேன். குறித்துக்கொண்டார்.

அது என் அப்பா நின்ற விதம். அரும்பாவூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் அவர் கூலிக்காரர். நான் ஐந்தாவது முடித்ததும் என்னைக் களையெடுக்க அனுப்பச் சொன்னார் பண்ணைக்காரர். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் அப்படி நின்றார். “புள்ள பெரம்பலூர் ஆஸ்டல்ல சேந்து படிக்கட்டுங்க” என்று பொத்திய கைக்குள்ளிருந்து சொன்னார். தன் மூச்சு பண்ணைக்காரர்மேல் பட்டுவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கை. திரும்பி வரும்போது வரப்பில் நின்று, “இத மறந்துடு பாப்பா” என்றார்.

இதை இயக்குநரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நாங்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். இவ்வளவு தூரம் வந்தும் எனக்கு அதற்கு வாய் வரவில்லை. நிகழ்ச்சித் தாளில் நன்றி என்று போட்டு என் பெயர் அச்சாகியிருந்ததில் சந்தோஷம்கூட. முதல் காட்சியில் இருபது பேர் வரிசையாக வளைந்து வாயைப் பொத்தினார்கள், அத்தனை நளினமாக. அரங்கம் கைதட்டியது. திரைக்குப் பின்னால், துவைத்த பாவாடை ஒன்றைக் கையில் ஈரத்தோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அரங்கம் வெளியிட்ட வீடியோவைப் பெரம்பலூரில் இருக்கும் தங்கை போனில் பார்த்து, அப்பாவுக்கும் காட்டிவிட்டாள். அப்பா கூப்பிட்டார்.

“நீதான் சொல்லிக் குடுத்தியா?”

“ஆமாம்ப்பா.”

“நான் ஒனக்கு அத சொல்லிக் குடுக்கலியே பாப்பா.”

கோபமே இல்லாமல் சொன்னார்.

மறுநாள் இயக்குநரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் தந்தைக்கு இது பெருமைதானே என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்கு மேல் விளக்க என் டச்சு போதவில்லை. யோசிக்கிறேன் என்றார். அன்று மாலையே உடைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு குழு அடுத்த ஊருக்குப் போய்விட்டது. மாற்றினார்களா என்று கேட்டு எழுத இன்னும் கூசுகிறது.

அப்பா இப்போது தங்கை வீட்டில்தான் இருக்கிறார். காலையில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய், கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து டீ குடிக்கிறாராம். இங்கே ஏதோ ஒரு மேடையில் இருபது பேர் அவரைப் போலக் குனிந்துகொண்டிருக்கலாம். பெஞ்சில் அப்படி உட்கார்ந்திருக்கும் அப்பாவை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை.