கை உயர்த்தாத தம்பி

என் தம்பி அமெரிக்காவில் ஒரு கட்சியில் இருக்கிறான். எந்தக் கட்சி என்று எழுதமாட்டேன். எழுதினால் வாசிக்கிற நீங்கள் உடனே பக்கம் பிரிந்து நிற்பீர்கள். நம் ஆட்களை எனக்குத் தெரியும். எல்லைக்கு அப்பால் ஒரு சிறிய ஊரில், அந்தக் கட்சியின் உள்ளூர்க் குழுவில் அவனும் ஒருவன். அவ்வளவு போதும்.

போன கோடையில், எல்லைக்கு இந்தப் பக்கம் பியர்பொன்ட்ஸில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து நின்றான். வந்த நேரத்திலிருந்து அவனுடைய தொலைபேசி ஓயவில்லை. குசினியில் உட்கார்ந்துகொண்டே, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கட்சிக்காரர்களோடு வாதாடுவான். நான் ஓடி ஓடி ஜன்னல்களைச் சாத்துவேன்.

"வெக்கையிலை அவிஞ்சு சாகப்போறம். பக்கத்து வீட்டு மனுசனுக்கு பொஞ்சூர் எண்டு வணக்கம் சொல்லுறதைத் தவிர எங்களோடை கதைக்க ஒண்டும் தெரியாது. ஆருக்குப் பயந்து பூட்டுறீர்?" என்பார் கணவர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஒரு பழமொழியும் சொல்வார். பேயைப் பார்த்தவளுக்கு என்ன பழமொழி என்று அவர் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். தலைவர் என்ன செய்தாலும், எல்லாவற்றுக்கும் ஆதரவு என்று குழுவில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. எல்லோரும் கை உயர்த்த வேண்டும். இவன் உயர்த்தமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

"பிடிக்கேல்லையெண்டா விட்டிட்டு வாவன்" என்றேன்.

"கட்சி பிடிக்கும் அக்கா. 'எல்லாத்துக்கும்' எண்டுறதுதான் பிடிக்கேல்லை. அங்கை ரெண்டே ரெண்டு பெரிய கட்சி. ஒவ்வொண்டுக்குள்ளையும் நாலு கட்சி இருக்கு. தோட்டம் செய்யிறவனுக்கு ஒண்டு வேணும், கோயிலுக்குப் போறவனுக்கு வேறை வேணும், கடைக்காரனுக்கு வரி குறைஞ்சாக் காணும். சண்டை பிடிச்சுக்கொண்டுதான் ஒண்டா இருக்கினம்."

நான் ஒரு சொல்லையும் நம்பவில்லை. ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் வைத்தவனை எந்தக் கட்சி வைத்திருக்கும்? ஒன்றில் இவன் எனக்குப் பொய் சொல்கிறான், அல்லது இவனைப் பேசவிட்டு அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவதுதான் என்று என் மனம் சொன்னது.

ஊரில் எங்கள் அண்ணையும் தன் இயக்கத்தை விட்டு விலகவில்லை. ஒரு விஷயம் பிழை என்று உள்ளே இருந்தபடி சொன்னார், அவ்வளவுதான். கதைக்க வேண்டும் என்று ஒரு பின்னேரம் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போன இயக்கக்காரர், அம்மாவின் கையால் எத்தனையோ தரம் சோறு தின்றவர். அண்ணை திரும்பி வரவில்லை. தம்பி அப்போது சின்னப்பிள்ளை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கொன்றவர்கள்மீது மட்டுமல்ல, வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாத அண்ணையின்மீதும்தான்.

"கையை உயர்த்திப்போட்டு வீட்டை போ. மனசுக்குள்ளை நீ விரும்பினதை நினை" என்று தம்பியிடம் சொன்னேன்.

"அப்பிடியெண்டா என்னத்துக்கு அக்கா அங்கையிருந்து வெளிக்கிட்டு வந்தனாங்கள்?" என்றான்.

குழம்பைக் கிண்டிக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் அவன் போய்விட்டான்.

கூட்டம் நடந்த அன்று எனக்கு டோர்வலில் வேலை. விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை. கரண்டி வைக்காத தட்டுகள் வரிசையாகப் போய், மேற்பார்வையாளர் பிரெஞ்சில் ஏசினார். என் காதில் எதுவும் விழவில்லை.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது தம்பி தொலைபேசியில் எடுத்தான். குரலில் சிரிப்பு இருந்தது.

"தோத்துப்போனன் அக்கா. நான் ஒருத்தன்தான் கை உயர்த்தேல்லை. குழுவிலையிருந்து எடுத்துப்போடுவினம் போலை."

"அதோடை விட்டிட்டினமோ?"

"ஓம். இதைக் கேளுங்கோவன். கூட்டம் முடிய என்ரை கார் ஸ்டார்ட் ஆகேல்லை. கூட்டத்திலை எனக்கு எதிரா நிண்டு கத்தின ஒரு மனுசன்தான் தன்ரை காரிலை ஏத்திக்கொண்டு வந்து வாசல்லை விட்டிட்டுப் போறார். இப்பவாவது நம்புறியளோ? இதுதான் அமெரிக்கா."

நான் எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினேன்.

"அப்ப அவனுக்கு இனி உன்ரை வீடு தெரியும், என்ன?" என்று கேட்டேன்.

தம்பி சிரிப்பதை நிறுத்தினான். பிறகு அந்தப் பக்கம் கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.