மேற்படியார்

அவருக்கு 'மேற்படியார்' என்ற பட்டப்பெயரை வாங்கித் தந்தது அவருடைய கையெழுத்துதான். பிறந்த குழந்தைகளுக்கான புதிய சொட்டு மருந்தைச் சோதிக்கும் மருத்துவமனைப் பிரிவில், தாய்மாருக்குப் போன் போட்டு, மருந்தால் தொந்தரவு உண்டா என்று கேட்டு எழுதுவது அவர் உத்தியோகம். முதல் வரியில் 'தொந்தரவு இல்லை' என்று முத்து முத்தாக எழுதுவார். கீழே நாற்பது வரிக்கும் 'மேற்படி'. வீட்டில் மனைவி சாப்பாடு எப்படி என்று கேட்டாலும் அதே பதில்தான்.

செவ்வாயன்று ஒரு தாய் கைக்குழந்தையோடு எதிரே வந்து நின்றாள்.

"அண்ணே, மருந்து குடிச்சதும் வாந்தி எடுக்குதுன்னு போன்லயே சொன்னேனே, எழுதினீங்களா?"

"எழுதினேம்மா."

பொய்யில்லை. மேற்படி என்று எழுதியிருந்தார்.

குழந்தை அவர் விரலைப் பிடித்தது. பிடியில் வலுவே இல்லை. அவர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

இருவரையும் டாக்டரிடம் அழைத்துப்போய், டாக்டர் கண்ணெதிரிலேயே அந்த மேற்படியை அடித்து, 'வாந்தி' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"மருந்தை உடனே நிறுத்துங்கம்மா," என்ற டாக்டர் இவர் பக்கம் திரும்பினார். "மத்த வரியெல்லாம்?"

"மேற்படி தப்புதான், டாக்டர்."

இருக்கைக்குத் திரும்பி இரண்டாவது வரியிலிருந்த தாய்க்குப் போன் போட்டார். அவள் பேசிக்கொண்டே போனாள். அவர் ஒரு வார்த்தை விடாமல் எழுதினார்.